காளான் செடி அல்ல

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் உள்ள செலண்டார் வட்டாரத்தைச் சேர்ந்தவன் நான். பால்மரமும் செம்பனையும் எங்களுக்கு அன்றாடக் காட்சி. செம்பனையின் அடித்தண்டில், சிவந்த பழுப்பு நிறத்தில் வெள்ளை விளிம்போடு தட்டுப் போல ஒட்டியிருக்கும் காளானைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் கானோடெர்மா போனினென்சே. மரத்தைச் சாய்க்கும் அடித்தண்டு அழுகல் நோய் இதனால்தான் வருகிறது.

மண்ணில் முளைப்பதால் பூஞ்சையைத் தாவரம் என்றே நெடுங்காலம் எண்ணினர். 1969இல் ராபர்ட் விட்டேக்கர் தமது ஐந்துலக வகைப்பாட்டில் அதற்குத் தனி உலகம் அளித்தார். ஏன்?

செடி, பச்சையத்தைக் கொண்டு தன் உணவைத் தானே தயாரிக்கிறது. பூஞ்சைக்குப் பச்சையம் இல்லை. அது நொதிகளைச் சுரந்து, உணவை உடலுக்கு வெளியிலேயே கரைத்து உறிஞ்சுகிறது. செடியின் செல்சுவரில் செல்லுலோஸ். பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின், அதாவது இறால் ஓட்டில் உள்ள அதே பொருள். செடி மாவுச்சத்தைச் சேமிக்கிறது. பூஞ்சையோ நம் கல்லீரலைப் போலக் கிளைக்கோஜனைச் சேமிக்கிறது. மரபணு ஆய்வுகளும் பூஞ்சை விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்கின்றன.

இந்த வேறுபாட்டில் தோட்டத்தின் பிழைப்பே அடங்கியுள்ளது. வெட்டிய மரம் நமக்குக் குப்பை. கானோடெர்மாவுக்கு அதுவே சோறு. பழைய கட்டையிலும் வேரிலும் உயிரோடிருந்து, மறுநடவில் வைத்த கன்றின் வேர் வந்து தொட்டதும் அதில் நுழைகிறது. காற்றில் பறக்கும் வித்துகளாலும் பரவுகிறது. நாம் காணும் தட்டு அதன் வித்துப்பை மட்டுமே. உடல் முழுவதும் மெல்லிய இழைகளாக மரத்துக்குள் இருக்கிறது. தட்டு வெளிப்படும்போது தண்டின் உட்பகுதி பெரும்பாலும் அழுகியிருக்கும். முற்றிலும் குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

எனவே தட்டைச் சீவி எறிந்தால் போதாது. மறுநடவுக்கு முன் பழைய கட்டையையும் வேரையும் தோண்டி அகற்ற வேண்டும். உயிரியல் பயிலும் தம்பி தங்கைகளே, விடுமுறையில் வீட்டுக்குப் போகும்போது சிறுதோட்டம் வைத்திருக்கும் உறவினர்களிடம் இதைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள்.