சேற்றுக்கு ஒரு டயர், காய்ந்த மண்ணுக்கு ஒரு டயர்

"எந்த டயர் நல்ல டயர்?" நெடுந்தூர மலைச் சைக்கிள் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இதற்கு நேரான பதில் கிடையாது. எந்தப் பாதை, முதல்நாள் மழை பெய்ததா, ஓட்டுபவரின் எடை எவ்வளவு, எத்தனை மணிக்கு முடிப்பார், வழியில் பழுதானால் உதவிக்கு ஆள் உண்டா என்று திருப்பிக் கேட்காத கடைக்காரர் டயர் விற்கத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்து, விடுப்பு எடுத்து, கட்டணமும் கட்டிப் போட்டிக்குப் போகிறவர், கால் வலுவிழந்து தோற்றால் மனம் ஆறிவிடும். நாற்பதாவது கிலோமீட்டரில், செம்பனைத் தோட்டத்தின் நடுவே, காற்றிறங்கிய சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடக்க நேர்ந்தால் அது எளிதில் ஆறாது. அங்கே கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. மாலை ஆறரைக்கு மேல் மரங்களுக்கு நடுவே இருட்டு எவ்வளவு விரைவாக இறங்கும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குறுகிய போட்டிக்கும் நெடுந்தூரப் போட்டிக்கும் உள்ள வேறுபாட்டை 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் பார்க்க முடிந்தது. எலாங்கூர் குன்றில் நடந்த ஆண்கள் மலைச் சைக்கிள் போட்டியின் நடுவில் பிரிட்டனின் டாம் பிட்காக்கின் முன் டயர் காற்றிறங்கியது. பழுதுபார்க்கும் இடத்தில் அவருடைய குழுவினர் வேறு சக்கரத்தை மாட்டிக் கொடுத்தார்கள். சுமார் 40 விநாடி பின்தங்கிய அவர், கடைசிச் சுற்றில் பிரான்சின் விக்டர் கொரெட்ஸ்கியை முந்தித் தங்கம் வென்றார். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் பந்தயம் அது. ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் உதவி எப்போதும் பக்கத்திலேயே இருக்கும்.

நெடுந்தூரப் போட்டி அப்படியல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்ற பழைய சுரங்க நகரில் 1994 முதல் மலைச் சைக்கிள் போட்டி நடந்துவருகிறது. சுமார் 160 கிலோமீட்டர் தூரம். நகரமே கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மின்கம்பிகளுக்குக் கீழே நீரோட்டம் அறுத்த பள்ளங்களோடு இறங்கும் ஒரு சரிவு அந்தப் பாதையில் உண்டு. டயர் பழுதுக்குப் பேர்போன இடம். 2009இல் அங்கே லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் கடைசிச் சில மைல்களைக் காற்றிறங்கிய பின் டயரோடு ஓட்டி முதலாவதாக வந்தார். (ஊக்க மருந்து விவகாரத்தில் 1998 ஆகஸ்டுக்குப் பிந்திய அவருடைய முடிவுகள் 2012இல் நீக்கப்பட்டது வேறு கதை.) அவரால் அப்படி ஓட்ட முடிந்ததற்குக் காரணம், இரண்டாவதாக வந்தவர் ஏறக்குறைய அரை மணி நேரம் பின்னால் இருந்ததுதான். பன்னிரண்டாவது மணியை நெருங்கிக்கொண்டிருக்கும் சாதாரண சைக்கிளோட்டிக்கு அந்த வசதி ஏது?

ஆகவே, வெற்றியாளர் எந்த டயர் போட்டார் என்று பார்த்து அதையே வாங்குவது பலர் செய்யும் முதல் பிழை. ஒரே பாதைதான், ஆனால் முன்னால் போகிறவர் காணும் பாதை வேறு, பின்னால் வருகிறவர் காணும் பாதை வேறு. மலேசிய வானிலையில் இது இன்னும் கூடுதலான உண்மை. காலை ஏழரைக்குப் புறப்படும் போட்டியில் முதல் ஆள் பதினோரு மணிக்கே முடித்துவிடுவார். அவருக்குப் பாதை காய்ந்திருக்கும். கடைசியில் வருகிறவர் மூன்று மணிக்கும் மிதித்துக்கொண்டிருப்பார். பிற்பகல் இடி மழை அவர் தலையில்தான் விழும். அதற்குள் நூற்றுக்கணக்கான சக்கரங்கள் அந்த ஈர மண்ணை உழுது வைத்திருக்கும். மெதுவாக ஓட்டுகிறவருக்குத்தான் சேற்று டயர் அதிகம் தேவைப்படுகிறது. அவரோ வெற்றியாளரின் மெல்லிய, வழவழப்பான டயரைப் போட்டுக்கொண்டு போகிறார்.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்க்கலாம். தோட்டங்களில் லோரி போகும் செம்மண் பாதை காய்ந்திருக்கும்போது சிமெண்டுத் தரைபோல் இறுகிக் கிடக்கும். அதன்மேல் உருளும் சிறு கற்கள்தான் ஆபத்து. அதே மண்ணில் ஒரு மணி நேர மழை பெய்தால் சவர்க்காரம் தடவியதுபோல் வழுக்கும். மழை விட்டு வெயில் ஏறும்போது நிலைமை இன்னும் மோசமாகும். பாதி காய்ந்த களிமண் பசைபோல டயரில் ஒட்டி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே அடைத்து, சக்கரத்தைச் சுழலவிடாமல் நிறுத்திவிடும். கொட்டும் மழையில் ஓட்டுவது இதைவிடச் சுலபம். தண்ணீரே சேற்றைக் கழுவிவிடும். சிங்கப்பூரில் புக்கிட் தீமாவும் பூலாவ் ஊபினும் கருங்கல் நிலம் என்பதால் அங்கே சரளையும் பாறையும் முக்கியம். பழைய ரப்பர் தோட்டங்களில் வேர்களும் சருகுகளும். கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டியுள்ள புக்கிட் கியாரா அப்படி ஒரு ரப்பர் தோட்டமாக இருந்த இடம்தான். அந்தத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள் 1982இல் பக்கத்து நீள்வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அவர்கள் நடந்து பால் வெட்டப் போன குன்றில் பின்னாளில் மலைச் சைக்கிள் பாதைகள் உருவாயின. சருகுக்கு அடியில் ரப்பர் கொட்டைகள் கிடந்தால் சக்கரம் கோலிக்குண்டின் மேல் ஏறியதுபோல் நழுவும் என்பது அந்தப் பாதைகளில் விழுந்து எழுந்தவர்களுக்குத் தெரியும்.

டயரின் மேலுள்ள வெட்டுகளை மலாய்க்காரர்கள் 'பூங்கா' என்பார்கள், அதாவது பூ. தேய்ந்து வழுக்கையானால் 'போத்தாக்'. இந்தப் பூ எதற்கு என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பூக்கள் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருந்தால் காய்ந்த இறுகிய மண்ணில் சக்கரம் இலேசாக உருளும், ஆனால் சேறு இடுக்கில் அடைந்ததும் டயர் போத்தாக் ஆகிவிட்டதற்குச் சமம். உயரமாகவும் இடைவெளி விட்டும் இருந்தால் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும், சேற்றையும் உதறித் தள்ளும். காய்ந்த தரையில் அதுவே நெளிந்து ஆடி, கால் பலத்தைத் தின்னும். முழுக்க முழுக்கச் சேற்றுக்கென்று செய்த டயர்கள் அகலம் குறைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. மேல் சகதியை வெட்டிக்கொண்டு அடியிலுள்ள கெட்டி மண்ணைத் தொட வேண்டும், சட்டத்தில் சேறு அடையாமல் இடமும் விட வேண்டும்.

ஈர வேர்களுக்கு மட்டும் எந்தப் பூவும் பெரிதாக உதவாது. அங்கே மென்மையான ரப்பரும் குறைந்த காற்றழுத்தமும்தான் கைகொடுக்கும். வேரைச் சாய்வாகக் கடக்காமல் நேர்க்குத்தாகக் கடக்க வேண்டும், அந்த நேரத்தில் பிரேக்கைத் தொடக் கூடாது.

முன்னும் பின்னும் ஒரே டயர் போட வேண்டும் என்ற கட்டாயமில்லை. பின் சக்கரம் வழுக்கினால் சைக்கிள் வாலை ஆட்டும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் ஓட்டுபவர் தரையில் இருப்பார். ஆகவே பிடிப்புள்ள டயர் முன்னால், இலேசாக உருளும் டயர் பின்னால் என்பது அனுபவசாலிகளின் வழக்கம். பாதையின் நிலை நிச்சயமில்லாதபோது இந்தக் கலப்பு நல்ல முடிவு.

டயரைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் யோசிப்பவர்கள் காற்றை மட்டும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புவது வேடிக்கைதான். காற்றழுத்தம் டயரைவிட முக்கியம் என்றுகூடச் சொல்லலாம். நிறையக் காற்றடித்தால் வேகமாகப் போகும் என்பது தார்ச் சாலைக் கணக்கு. கரடுமுரடான பாதையில் கல்லாகக் காற்றடித்த டயர் ஒவ்வொரு கல்லிலும் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப் போடும். அப்படித் தூக்கிப் போடுவதில் வீணாவது ஓட்டுபவரின் சக்தி. சற்றே இளகிய டயர் கல்லை விழுங்கிக்கொண்டு உருளும். டியூப் இல்லாத, 2.2 முதல் 2.4 அங்குல அகலமுள்ள டயருக்கு 70 கிலோ எடையுள்ளவர் 20 முதல் 25 பிஎஸ்ஐ வரை வைத்துப் பார்க்கலாம். எடை அதிகம் தாங்கும் பின் சக்கரத்தில் ஒன்றிரண்டு கூடுதலாக. டியூப் போட்டிருந்தால் இவ்வளவு குறைக்க முடியாது. கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த தடம்போல் இரட்டை ஓட்டை விழும்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. குளிர்சாதன அறையில் இரவு அளந்து வைத்த காற்று வெயிலில் கூடும். 10 பாகை செல்சியஸ் ஏறினால் சுமார் 1 பிஎஸ்ஐ. காரின் பின்னால் வெயிலில் நின்ற சைக்கிளுக்கு அதைவிட அதிகம். போட்டி நடக்கும் இடத்தில், நிழலில் வைத்து, எப்போதும் பயன்படுத்தும் அதே அளவுமானியால் அளப்பதே சரி. கால் பம்ப்புகளில் இருக்கும் பெரிய முள் இந்தக் குறைந்த அழுத்தத்தில் அவ்வளவு நம்பகமானதல்ல.

டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் வெள்ளைத் திரவத்தைப் பார்த்தால் தோட்டத்து மூத்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். பெரும்பாலானவற்றில் இருப்பது ரப்பர் பால்தான். பால் உறையாமலிருக்க வாளியில் அமோனியா சேர்த்தார்களே, அதே அமோனியா நெடி பல திரவங்களிலும் அடிக்கும். முள் குத்தியதும் காற்றோடு வெளியேறும் பால் ஓட்டையில் உறைந்து அடைத்துக்கொள்கிறது. மரத்தின் வெட்டுவாயில் ஒட்டுப்பால் படிவதும் இதுவும் அடிப்படையில் ஒன்றே. சிக்கல் என்னவென்றால், வெப்ப நாட்டில் இந்தப் பால் டயருக்குள்ளேயே காய்ந்து கட்டியாகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். போட்டிக்கு முந்திய வாரம் சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டும்போது தளதளவென்று சத்தம் வரவில்லையென்றால் புதிதாக ஊற்ற வேண்டும். பெரிய சக்கரம் ஒன்றுக்கு 100 மில்லிலிட்டர் அளவில் போதும்.

செம்பனைத் தோட்டத்தில் இந்தப் பாலுக்கு வேலை அதிகம். வெட்டிய மட்டைகளை மரவரிசைகளுக்கு இடையே குவித்து வைப்பார்கள். மட்டையின் அடிப்பகுதி முழுவதும் முள். பாதையை விட்டுச் சற்று விலகி ஒருவரை முந்தப் போனாலே போதும். பால் அடைக்க முடியாத பெரிய ஓட்டைக்கு, கார் டயருக்கு ஒட்டுப் போடும் கடைகளில் செருகுகிறார்களே, அந்தப் பிசின் நாடாவின் சிறிய வகை இருக்கிறது. பக்கச் சுவர் கிழிந்தால் அதுவும் பயன்படாது. அதனால்தான் கற்கள் நிறைந்த நீண்ட பாதைக்குப் பக்கச் சுவர் தடித்த டயர் நல்லது. நூறு, இருநூறு கிராம் கூடும்தான். மூன்று மணி நேரம் தள்ளிக்கொண்டு நடப்பதைவிட அந்த எடையைச் சுமப்பது மேல்.

சேற்றுப் பாதையில் டயரைத் தாண்டியும் ஓர் எச்சரிக்கை தேவை. 2000ஆம் ஆண்டில் சபாவில் நடந்த எக்கோ சேலஞ்ச் நெடும்போட்டியில் 304 பேர் கலந்துகொண்டனர். பிறகு விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறிகள் காணப்பட்டன; நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. செகாமா ஆற்றில் நீந்தியதே முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. 'கெஞ்சிங் தீக்குஸ்' என்று ஊரே அறிந்த நோய்தான் அது. 2007இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 2008இல் வேல்ஸிலும் மழையில் நடந்த மலைச் சைக்கிள் போட்டிகளுக்குப் பிறகு பலருக்குக் கடும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. கால்நடைச் சாணம் கலந்த சேறு முகத்தில் தெறித்து வாய்க்குள் போனதே அதற்குக் காரணம். முன் சக்கரத்துக்கு மேல் ஒரு சிறு சேற்றுத் தடுப்பு, தண்ணீர்ப் புட்டியின் வாய்க்கு ஒரு மூடி, கால் கீறல்களுக்கு நீர் புகாத பிளாஸ்டர் இவற்றுக்கு அதிகம் செலவாகாது. போட்டி முடிந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், சேற்றிலும் ஆற்றிலும் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

பாதையை எப்போது பார்ப்பது? ஒரு மாதத்துக்கு முன் பார்த்தது ஏற்ற இறக்கத்தை அறிய உதவும், மண்ணை அறிய உதவாது. முடிந்தால் முதல்நாள் மாலை தாழ்வான இடங்களையும் ஓடைக் கரைகளையும் மட்டுமாவது நடந்து பார்க்க வேண்டும். மேடு ஓரிரவில் காய்ந்துவிடும். பள்ளம் மூன்று நாளானாலும் காயாது. மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தால் போதும். உதிர்ந்தால் கவலையில்லை. உருண்டையாகி விரலில் ஒட்டினால் டயரிலும் ஒட்டும். ஆனால் போட்டிக்கு முந்திய இரவு புத்தம் புதிய டயரை மாட்டிக்கொண்டு கிளம்புவது வம்பை விலைக்கு வாங்குவது. இரண்டு ஜோடி டயரையும் முன்பே ஓட்டிப் பழகி வைத்திருப்பவருக்குத்தான் கடைசி நேர மாற்றம். ஒரே ஜோடி வைத்திருப்பவர் காற்றழுத்தத்தை ஒன்றிரண்டு பிஎஸ்ஐ மாற்றிச் சரிசெய்துகொள்வதே புத்திசாலித்தனம்.

எவ்வளவு செய்தாலும் ஒரு டியூபைக் கையோடு எடுத்துச் செல்லத்தான் வேண்டும். அதை மாட்டும்போது பலரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பால் ஊற்றிய டயரில் முன்பு குத்திய முட்கள், ஓட்டை அடைபட்டுவிட்டதால், உள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிடுங்காமல் புது டியூபைப் போட்டால் காற்றடித்து முடிப்பதற்குள் அதுவும் போய்விடும். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் சுற்றித் துடைத்தால் முள் துணியில் மாட்டும். வெறும் விரலால் தடவிப் பார்த்தால் விரலில் ஏறும்.