தொலைவும் வெளிச்சமும்

மண்டல விளையாட்டுப் போட்டிகள் முடிந்த மறுவாரம், தில்லியிலுள்ள ஒரு பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒளிப்படங்கள் ஒட்டப்பட்டன. கோப்பையுடன் மாணவர்கள் நிற்கும் படங்கள் யாவும் தெளிவாக இருந்தன. ஆட்டத்தின்போது எடுத்த படங்களோ மங்கிக் கிடந்தன. இறகுப்பந்தில் இரண்டாமிடம் பெற்ற எட்டாம் வகுப்பு மாணவியின் படத்தில், மட்டை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கீற்று ஒன்றே தெரிந்தது; முகமும் கலைந்திருந்தது. திருநெல்வேலியில் வாழும் அவளுடைய ஆச்சி, பேத்தி ஆடுவதை ஒருநாளும் நேரில் கண்டவர் அல்லர். கைப்பேசியில் வந்த அப்படத்தைப் பார்த்துவிட்டு, “இதில் நம் பிள்ளை எங்கே?” என்று கேட்டார்.

பதினோராம் வகுப்பில் பயிலும் அண்ணனுக்கு அக்கேள்வி உறுத்தியது. படமெடுத்தவன் அவனே. வீட்டில் கேமரா இருந்தது. அதனுடன் சேர்ந்து வந்த சிறிய லென்ஸைத் தவிர வேறு லென்ஸ் இல்லை. தந்தை 25,000 ரூபாய் ஒதுக்க இசைந்தார். மறுமுறை அவ்வளவு தொகை எளிதில் கிடைக்காது என்பதை இருவரும் அறிவர். அண்ணனின் மனம் 300 மி.மீ. வரை நீளும் ஒரு ஜூம் லென்ஸில் பதிந்திருந்தது. எண் பெரிதாக இருந்தால் படமும் நன்றாக அமையும் என்பது அவன் எண்ணம். விளையாட்டுப் படமெடுக்கத் தொடங்குவோரில் பலரும் இவ்வாறே எண்ணுகின்றனர். பணத்தை இழப்பதும் இந்த எண்ணத்தாலேயே.

லென்ஸின் மீது பொறித்துள்ள 50, 200, 300 போன்ற எண்கள் அதன் குவியத்தொலைவை மில்லிமீட்டரில் குறிப்பவை. குவியத்தொலைவு கூடக்கூடத் தொலைவிலுள்ள பொருள் படத்தில் பெரிதாக விழும். காட்சியின் அகலம் குறுகும். நீண்ட குவியத்தொலைவு உடையதை டெலிபோட்டோ லென்ஸ் என்பர். எவ்வளவு நீளம் தேவை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, கணக்கிட்டே அறியலாம். புதியவர்கள் பெரும்பாலும் வாங்கும் கேமராக்களில், ஒளியைப் பதிவு செய்யும் சென்சாரின் உயரம் ஏறத்தாழ 15 அல்லது 16 மி.மீ. ஆகும். 1.6 மீட்டர் உயரமுள்ள ஒருவர் 20 மீட்டர் தொலைவில் நின்றால், 200 மி.மீ. லென்ஸ் அவர் உருவத்தைச் சென்சாரின் மீது 16 மி.மீ. உயரத்தில் விழச்செய்யும். மேல்விளிம்பு முதல் கீழ்விளிம்பு வரை அவர் படத்தை நிறைத்து நிற்பார். 300 மி.மீ. லென்ஸானால் அதே அளவு 30 மீட்டர் தொலைவில் கிடைக்கும். குவியத்தொலைவைப் பத்தால் வகுத்தால், ஆள் படத்தை நிறைத்து நிற்கும் தொலைவு மீட்டரில் கிடைத்துவிடுகிறது. விலையுயர்ந்த முழுச்சட்டக் கேமராக்களில் சென்சாரின் உயரம் 24 மி.மீ. என்பதால், அங்கே இக்கணக்குப் பொருந்தாது. ஆள் மூன்றில் இரண்டு பங்கு உயரமே நிற்பார்.

இனி ஆடுகளங்களின் அளவைப் பார்த்தால் உண்மை விளங்கும். ஹாக்கித் திடலின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். பக்கக் கோட்டருகே அமர்பவருக்குத் திடலின் நடுப்பகுதி 27 மீட்டர் தொலைவில் உள்ளது. 250 மி.மீ. லென்ஸ் அதற்கு ஏறத்தாழப் போதும். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டுக்கு வெளியே அமர்ந்தால் மட்டையாளர் 60 மீட்டருக்கு அப்பாலும் இருப்பார். 300 மி.மீ. லென்ஸில் அவர் படத்தின் பாதி உயரமே வருவார். செய்தித்தாள்களின் ஒளிப்படக்காரர்கள் 400, 600 மி.மீ. லென்ஸ்களைச் சுமந்து செல்வது இதனாலேயே. இறகுப்பந்துக் களமோ 13.4 மீட்டர் நீளமே உடையது. எதிர்ப்புறக் கடைக்கோட்டின் பின்னால் அமர்ந்தாலும், ஆடுபவர் பத்து மீட்டர் அளவிலேயே இருப்பார். தங்கையின் ஆட்டத்திற்கு 300 மி.மீ. லென்ஸுக்கு வேலையே இல்லை.

அப்படியாயின் அண்ணன் எடுத்த படம் கெட்டது ஏன்? தொலைவினால் அன்று, வெளிச்சக் குறைவினால்.

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் நகரும் பொருள் யாவும் படத்தில் கோடாக இழுபடும். வீச்சின்போது மட்டையின் தலை நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் செல்கிறது எனக் கொள்க. 1/125 நொடியில் அது 24 செ.மீ. கடந்துவிடும், அஃதாவது, ஏறத்தாழ மட்டைத் தலையின் முழு நீளம். 1/1000 நொடியிலோ 3 செ.மீ. மட்டுமே நகரும். ஆகவே விரைந்த ஆட்டங்களுக்கு 1/1000 நொடி அளவிலான ஷட்டர் வேகத்தையே நாடுவர். ஆனால் அவ்வளவு குறுகிய நேரத்தில் போதிய ஒளி உள்ளே வந்தாக வேண்டும். வரவிடுவது லென்ஸின் துளை.

துளையின் அளவை எஃப் எண்ணால் குறிப்பர். குவியத்தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் கிடைக்கும். எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது என்பதை மறத்தலாகாது. கடையில் தடுமாறுவோர் பலர் இங்கேதான் தடுமாறுகின்றனர். 300 மி.மீ. லென்ஸ் எஃப் 5.6 அளவினதாக இருக்க 54 மி.மீ. விட்டம் போதும். அதுவே எஃப் 2.8 ஆக வேண்டுமெனில் 107 மி.மீ. விட்டம் தேவை. உள்ளே வரும் ஒளி நான்கு மடங்காகும். அவ்வளவு பெரிய கண்ணாடிகளைப் பழுதின்றிக் கடைந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்துவதற்கே அந்த விலை. 400 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ்கள் பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டுவதன் காரணம் நீளம் அன்று, அகலம்.

மலிவான ஜூம் லென்ஸ்களில் எஃப் 4–5.6 என இரண்டு எண்கள் காணப்படும். முதல் எண் குட்டையாக வைக்கும்போதும், இரண்டாம் எண் முழுவதும் நீட்டும்போதும் கிடைக்கும் துளையைக் குறிப்பவை. விளையாட்டில் பெரும்பாலும் முழுவதும் நீட்டியே எடுக்க நேர்வதால், இரண்டாம் எண்ணையே கருத வேண்டும்.

இத்தகைய லென்ஸைத் தாழ்வாக எண்ணுதலும் தவறு. நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ 200 அளவில், எஃப் 5.6 துளைக்கு 1/1600 நொடி கிடைக்கும். காலை வேளை ஹாக்கிக்கும் தடகளத்திற்கும் 55–250 மி.மீ. போன்ற எளிய லென்ஸ் நிறைவாகவே பணிசெய்யும். பிற்பகல் சாயும்போது நிலைமை மாறும். தில்லியின் டிசம்பர் மாதத்தில், மாலை நான்கு மணிக்கெல்லாம் வெளிச்சம் மெலிந்துவிடுகிறது. மூடுபனி இருந்தால் சொல்ல வேண்டியதில்லை. உள்ளரங்கிலோ நிலைமை இன்னும் கடினம். ஓர் அரங்கில் ஐஎஸ்ஓ 3200 வைத்தும் எஃப் 5.6 துளைக்கு 1/125 நொடியே கிடைக்கிறது எனக் கொள்க. ஐஎஸ்ஓவை மேலும் உயர்த்தினால் படம் முழுதும் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தோன்றும். பிளாஷ் ஒளி ஆடுபவரின் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் அதனைப் பயன்படுத்துதல் முறையன்று. ஆனால் எஃப் 1.8 துளையுடைய லென்ஸ் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். அதே அரங்கில் 1/1250 நொடி கிடைத்துவிடும்.

லென்ஸ்களில் உள்ள அதிர்வுக்குறைப்பு வசதி இச்சிக்கலைத் தீர்க்கும் என்று விற்பனையாளர் சிலர் கூறுவதுண்டு. அது படமெடுப்பவரின் கைநடுக்கத்தை மட்டுமே ஈடுசெய்யும். ஆடுபவரின் கையை அது நிறுத்தாது. குவியத்தொலைவை இரட்டிப்பாக்கும் டெலிகன்வர்ட்டர் எனும் இணைப்பும் அவ்வாறே ஏமாற்றும். அது வரும் ஒளியைக் கால்பங்காகக் குறைத்துவிடுகிறது.

லென்ஸை நீட்டுவதற்கு முன், நிற்குமிடத்தை மாற்ற இயலுமா என எண்ணிப் பார்க்கலாம். 1965 மே 25 அன்று, அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரில் முகம்மது அலி, சன்னி லிஸ்டனை வீழ்த்தினார். கீழே கிடப்பவரை நோக்கி அலி முழங்கையை மடக்கி முழங்கும் அப்படத்தை உலகம் அறியும். நீல் லைஃபர் அதனை எடுத்தபோது அவர் கையில் இருந்தது டெலிபோட்டோ லென்ஸ் அன்று, ரோலிஃபிளெக்ஸ் கேமரா. மேடையின் விளிம்பில், உரிய பக்கத்தில் அவர் இருந்தார். அலியின் கால்களுக்கிடையே, மறுபக்கத்தில் நிற்கும் வேறொரு ஒளிப்படக்காரரும் அப்படத்தில் தெரிகிறார். அவருக்கு அலியின் முதுகே கிடைத்தது. பள்ளி மாணவர்க்கு இதில் ஒரு வசதி உண்டு. பெரிய அரங்குகளில் ஒளிப்படக்காரர்களைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்துவர். பள்ளியிலோ உடற்கல்வி ஆசிரியரிடம் ஒப்புதல் பெற்றால், கடைக்கோட்டின் அருகிலேயே அமரலாம்.

எல்லா ஆட்டங்களுக்கும் ஏற்றது 70–200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் என்பர். அது உண்மையே. ஆனால் முன்னணி நிறுவனங்களின் புதிய லென்ஸ் ஓர் இலட்சத்தைக் கடந்துவிடும். குறைந்த பணத்தில் இரண்டையும் பெற இயலாது; ஒன்றைக் கைவிட வேண்டும். திறந்த திடலில் பகலில் எடுப்பவர் அகன்ற துளையைக் கைவிட்டு நீளத்தை வாங்கலாம். உள்ளரங்கில் எடுப்பவர் நீளத்தையும் ஜூமையும் கைவிட்டு, 85 மி.மீ. எஃப் 1.8 போன்ற நிலைக்குவிய லென்ஸை வாங்குதல் தகும். இரண்டுக்கும் பாதி பாதி உதவும் லென்ஸ் எதற்கும் உதவாமற் போகும்.

அண்ணன் இக்கணக்குகளைத் தாளில் எழுதித் தந்தையிடம் காட்டினான். ஹாக்கியையும் எடுக்க அவனுக்கு ஆசை. எனினும் தங்கையின் ஆட்டம் உள்ளரங்கில் நடப்பது. புதிய 85 மி.மீ. லென்ஸின் விலை ஒதுக்கிய தொகையை விஞ்சியதால், ஒருவர் பயன்படுத்திய லென்ஸைத் தேடினர். இதில் எச்சரிக்கை தேவை. லென்ஸின் பொருத்துவாய் கேமராவுக்கு இசைய வேண்டும். நிக்கானின் தொடக்கநிலைக் கேமராக்கள் சிலவற்றில் குவிய மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை அவற்றில் பொருத்தினால் கையாலேயே குவியம் திருப்ப வேண்டிவரும். பறக்கும் இறகுப்பந்தின் பின்னே கையால் குவியம் திருப்புதல் அரிது. கடைக்காரர் காட்டிய முதல் லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தபோது, கண்ணாடிக்குள் சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தன. அது பூஞ்சை. ஈரப்பதம் மிகுந்த மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற நகரங்களில் பெட்டிக்குள் பூட்டி வைத்த லென்ஸ்களில் இது எளிதில் படரும். தந்தை அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது லென்ஸ் தூய்மையாக இருந்தது. கடைவாயிலில் நின்று, ஓடும் ஆட்டோக்களைப் பத்துமுறை படமெடுத்துப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தனர். வீட்டில் அதனைக் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்தனர்.

அடுத்த போட்டியில் அண்ணன் எதிர்ப்புறக் கடைக்கோட்டின் பின்னே தரையில் அமர்ந்து எடுத்தான். பல படங்களில் குவியம் தவறியது. துளை அகலமாக இருக்கும்போது, தெளிவாக விழும் ஆழம் குறுகிவிடும். ஆடுபவர் ஓரடி முன்வந்தாலும் முகம் மங்கும். எஞ்சியவற்றில் ஒன்று, தங்கை வலையருகே பாய்ந்து வந்த படம். கண்கள் பந்தின் மேல் நிலைத்திருந்தன. நெற்றியில் ஒட்டிய முடியிழைகூடத் தெரிந்தது. ஜூம் இல்லாத லென்ஸ் ஆதலால், அவள் அருகே வந்தபோது உயர்த்திய மட்டையின் மேற்பாதி படத்துக்கு வெளியே போய்விட்டது.

அன்றிரவு ஆச்சி தொலைபேசியில் அழைத்தார். முகத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். பிறகு, மட்டையை ஏன் பாதியில் வெட்டிவிட்டான் என்று பேரனைக் கேட்கச் சொன்னார்.