குடல்வழி மாறினோர்க்கு உணவு

நோயாளியென்றவுடன் முதலிற் பத்தியம் விதிப்பது நம்மவர் வழக்கம். சூடு, குளிர்மை, கிரந்தி என்று ஒவ்வொன்றாய் விலக்கி, ஈற்றிற் கஞ்சி மாத்திரமே எஞ்சும். குடலிற் சத்திரசிகிச்சை செய்து, வயிற்றிலே புதுவாயில் அமைத்து, மலத்தைப் பையில் ஏற்று வாழ்வோர்க்கு இவ்வழக்கம் நன்மையினும் தீமையே பயத்தல் கூடும்.

அவ்வாயில் பெரும்பாலும் இருவகைப்படும். பெருங்குடலில் அமைவது கொலொஸ்டமி. சிறுகுடலின் இறுதியில் அமைவது இலியோஸ்டமி. உணவுச் சத்துக்களிற் பெரும்பாலானவை சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகின்றன. பெருங்குடலோ நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 லீற்றர் நீரையும் அதனோடு உப்பையும் மீட்கின்றது. ஆகவே கொலொஸ்டமி உடையார் உடல் தேறியபின் பெரும்பாலும் வழமையான உணவையே உண்ணலாம். இலியோஸ்டமி உடையார்க்கு நீரும் உப்பும் ஓயாது வெளியேறும்.

ஆபத்து இங்கேதான் உளது. அக்கரைப்பற்றின் கோடை வெயிலில் வயலிலோ கடற்கரையிலோ தொழில் புரிவோர் வியர்வையாலும் உப்பிழப்பர். அந்நிலையில் வெறும் நீரையே மிகுதியாய்ப் பருகின், கழிவு பெருகி உப்பு மேலுங் குறையும். இளநீரிற் பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆதலின் அதுவும் தனித்துப் போதாது. ஜீவனிப் பொதியை அதிற் குறித்த அளவு நீரிற் கரைத்து, வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாய்ப் பருகுதலே தக்கது. சிறுநீர் குறைதல், தலைச்சுற்று, தசைப்பிடிப்புத் தோன்றின் வைத்தியசாலைக்கு விரைக. கந்தசஷ்டி உபவாசமாயினும் றமழான் நோன்பாயினும், வைத்தியரைக் கேட்ட பின்னரே கைக்கொள்ளல் வேண்டும்.

சிகிச்சையின்பின் முதல் 6 முதல் 8 வாரங்கள் வரை குழைந்த சோறு, இடியப்பம், மீன், முட்டை, வாழைப்பழம் என்பன ஏற்றவை. சோளம், கச்சான், காளான், தேங்காய்ச் சொட்டு, முருங்கைக்காய்ச் சக்கை முதலியன, சிறப்பாக இலியோஸ்டமி உடையார்க்கு, குடலை அடைக்கக்கூடும். பின்னர் இவற்றை ஒவ்வொன்றாய், சிறிதளவாய், நன்கு மென்று பழகுக. கழிவு நின்று வயிற்றுவலியும் வாந்தியும் தோன்றின் தாமதித்தலாகாது. வெங்காயமும் கோவாவும் வாயுவை மிகுவிக்கும். தயிர் சிலர்க்கு நாற்றத்தைத் தணிக்கும். பீற்றூட் உண்டபின் கழிவு செந்நிறமாயின் அஞ்சற்க.

டென்மார்க்குத் தாதியான எலிசே சோரென்சன், சிகிச்சைபெற்ற தம் சகோதரி வெளியிற் செல்லவும் அஞ்சியதைக் கண்டு, 1954இல் உடலில் ஒட்டும் பையை உருவாக்கினார். அப்பை பலரை மீண்டும் ஊர்நடுவே கொணர்ந்தது. பந்திக்கு அழைத்தல் நம் கடன். கலியாண வீட்டில் அருகிருப்பார் ஒரு கறியை வேண்டாமென்றால் காரணம் வினவாதீர், வற்புறுத்தியும் படையாதீர். அவர் தமக்கு ஒத்ததை உண்டு, நம்மோடு கூடியிருப்பாராக.