துவாரம் சிறிது, வேதனை?

வயிற்றில் சில சிறு துவாரங்களை மட்டும் இட்டுப் பித்தப்பையை அகற்றும் முறையை 1985ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து எரிக் மூஹே செய்துகாட்டியபோது முகம் சுளித்த வைத்திய உலகமே, பின்னாளில் அதனைப் பித்தப்பைக் கற்களுக்குரிய பிரதான சிகிச்சையாக ஏற்றுக்கொண்டது. ஆயினும், துவாரம் சிறிதாகையால் வலியும் சிறிதாகவே இருக்கும் என்று நோயாளிக்குச் சொல்லப்படும் ஆறுதல் பாதி உண்மையே.

கீறிய இடங்களில், விசேஷமாகப் பித்தப்பையை வெளியே எடுக்கும் துவாரத்தில், வலி இருப்பது இயல்பு. ஈரலின் அடியிலிருந்து அது பிரிக்கப்பட்ட இடமும் சில தினங்கள் நோகும். முன்பே அழற்சி கண்டிருந்த பித்தப்பையாயின் வேதனை அதிகமாகலாம். கத்தியே படாத வலது தோள்பட்டை வலிப்பதுதான் பலரைத் திகைக்கவைப்பது. உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரியும்பொருட்டு, சாதாரணமாகப் பாதரசத்தின் 12 முதல் 15 மில்லிமீட்டர் அழுத்தத்தில், வயிற்றினுள் கரியமில வாயு செலுத்தப்படுகிறது. அவ்வாயு உதரவிதானத்தை விரித்து உறுத்த, அதன் நரம்பும் தோளின் உணர்ச்சி நரம்புகளும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியைச் சேர்ந்தனவாதலால், மூளை அவ்வேதனையைத் தோளினுடையதாகக் கொள்கிறது. அழுத்தத்தைக் குறைத்து வைப்பதும், முடிவில் எஞ்சிய வாயுவை வெளியேற்றுவதும், துவாரங்களின் ஓரத்தில் மரத்துப்போகும் ஊசி இடுவதும் வேதனையைத் தணிக்கும் உபாயங்கள். இவற்றையும், சிறுநீரகக் கோளாறோ குடற்புண்ணோ உள்ளவருக்கு எந்த வலி மாத்திரை ஆகாது என்பதையும் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. சிகிச்சையின் தன்மை, அபாயம், மாற்று வழி ஆகியவற்றைப் போதிய அளவு அறிந்தபின் தரப்படுவதே செல்லத்தக்க சம்மதம் என்று 2008இல் சுப்ரீம் கோர்ட்டு சமீரா கோலி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது.

சாதாரண வலி முதல் நாளில் உச்சமாயிருந்து பின் நாளுக்கு நாள் இறங்கும். வீடு திரும்பியபின் ஏறிக்கொண்டே போகும் வலியோ, காய்ச்சலோ, ஓயாத வாந்தியோ, மஞ்சள் பூத்த கண்ணோ, தேநீர் நிறச் சிறுநீரோ கண்டால், பித்தநீர்க் கசிவும் பித்தநாளத்தில் தங்கிய கல்லும் சந்தேகிக்கப்பட வேண்டியவை. மூச்சுத்திணறலோடு கூடிய நெஞ்சுவலியையும் வாயுவென்று எண்ணிக் காத்திருத்தல் தகாது. “எல்லாம் கேஸ்தான் அம்மா, நாலு நடை நடந்தால் சரியாகிவிடும்” என்று தொலைபேசியில் வரும் பதில், நேரில் செய்யும் பரிசோதனைக்கு ஈடாகாது.

வலி உண்டானது ஒன்றே கவனக்குறைவுக்குச் சாட்சியாகாது. முறையிட்ட வலியை விசாரியாமல் விட்டது அவ்வாறாகலாம். மருத்துவக் குறிப்புகளை எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டுமென்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. கட்டணம் பெற்றுச் செய்த சிகிச்சையாயின், வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ரசீது, டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன் அறிக்கை ஆகியவை அங்கே தேவைப்படும்.