பிளாஸ்டிக் வியாபாரம்: கலப்பது குற்றமல்ல, மறைப்பதே குற்றம்

யாழ்ப்பாணத்தில் வாளி, கதிரை, உணவுப் பெட்டி விற்காத சில்லறைக் கடைகள் குறைவு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரு வாளிகளில் ஒன்று பல வருடம் உழைக்கும். மற்றது சில மாதங்களில் வெடித்துவிடும். வெடித்த வாளியோடு வாடிக்கையாளர் வருவது உற்பத்தியாளரிடமல்ல, நம்மிடமே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, திரும்பி வந்து சிறு முதலோடு கடை திறந்த நம்மவர்களுக்கு வாடிக்கையாளரின் நம்பிக்கைதான் பெரிய முதல். எனவே இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இப்பொருட்களில் பெரும்பாலானவை பொலிப்ரொப்பிலீன் (அடியில் 5 என்ற இலக்கம்) அல்லது பொலியெதிலீன் (2 அல்லது 4) கொண்டு செய்யப்படுபவை. உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது அதன் ஒரு பகுதி பளிங்காக இறுகும். சீனிப்பாகில் நூலைத் தொங்கவிட்டால் அதைப் பற்றிக்கொண்டு கற்கண்டு வளர்வதுபோல, பிளாஸ்டிக்கிலும் பளிங்கு வளர ஒரு பிடிமானம் வேண்டும். டல்க் மா போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்தால் அத்தகைய பிடிமானங்கள் ஏராளமாகக் கிடைக்கும். பளிங்குகள் சிறிதாகவும் நெருக்கமாகவும் அமையும். பொருள் விறைப்பாகும், அச்சிலும் விரைவில் இறுகும். கண்ணாடிபோல் தெளிந்த உணவுப் பெட்டிகளின் இரகசியமும் இத்தகைய சேர்க்கையே. சில நீல, பச்சை நிறமிகளும் இவ்வாறே செயற்படுவதால் அந்நிற மூடிகள் சிலவேளை கோணிப்போகின்றன.

பழைய பிளாஸ்டிக்கை உருக்கும்போது 5ஆம் இலக்கமும் 2ஆம் இலக்கமும் கலந்துவிடுவதுண்டு. எண்ணெயும் நீரும்போல இவை உள்ளே ஒட்டுவதில்லை, தனித்தனியே பளிங்காகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் வெடிப்புத் தொடங்கும். இரண்டையும் பிணைக்கும் சேர்மானம் இட்டால் கலவை தாக்குப்பிடிக்கும். அதற்குச் செலவாகும் என்பதால் சிலர் தவிர்க்கின்றனர்.

அடுத்தது சுண்ணாம்புக்கல் மா. அளவாகச் சேர்த்தால் விறைப்புத் தரும். மிகுந்தால் பொருள் பாரமாகும், ஆனால் எளிதில் உடையும். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். 5, 2, 4 ஆகிய இலக்கப் பொருட்கள் இயல்பாகத் தண்ணீரில் மிதப்பவை. ஒரு சிறு துண்டை வெட்டி, காற்றுக் குமிழி ஒட்டாதபடி நனைத்துத் தண்ணீரில் இடுங்கள். 5ஆம் இலக்கத் துண்டு தாழ்ந்தால், 100 கிலோவில் ஏறக்குறைய 15 கிலோவோ அதற்கு மேலோ மா கலந்திருக்கக்கூடும். 1, 3, 6 ஆகிய இலக்கப் பொருட்கள் இயல்பாகவே தாழ்பவை. அவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.

யாழ்ப்பாண வெயிலையும் மறக்கக்கூடாது. வெயில் தாங்கும் சேர்மானம் இல்லாத பொலிப்ரொப்பிலீன் முற்றத்தில் கிடந்தால் மேற்பரப்பு வெளிறிப் பொடியாகும். ஆகவே மொத்த வியாபாரியிடம் விலையோடு மூன்று கேள்விகள் கேளுங்கள்: புதிய மூலப்பொருளா, மீள் உருக்கியதா? மா எவ்வளவு? வெயில் தாங்குமா?

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லையே என்று வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. மலிவான வாளியை மலிவானது என்று சொல்லி விற்பதில் குறையில்லை. அப்படிச் சொல்லி விற்கும் கடைக்கே வாடிக்கையாளர் மீண்டும் வருவார், பரக்கத்தும் அதில்தான்.