மாதவிடாய்க்கு முந்தைய தொல்லைகள்: கால்சியம் முதல் குங்குமப்பூ வரை

மாதவிடாய் வருவதற்கு ஒரு வாரமோ பத்து நாளோ முன்பு பல பெண்களுக்கு மார்பு வலி, வயிற்று உப்புசம், தலைவலி, எரிச்சல், காரணம் தெரியாத அழுகை, தூக்கக் குறைவு ஆகியவை தோன்றும். உதிரப்போக்கு தொடங்கிய சில நாட்களில் அவை தணிந்துவிடும். சினைமுட்டை வெளியேறிய பின் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்களின் அளவு ஏறி இறங்குகிறது. இந்த மாற்றம் எல்லாப் பெண்களுக்கும் பொது. அதை உணரும் மூளையின் கூருணர்வு சிலருக்கு அதிகமாக இருப்பதே தொல்லைக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது.

மருந்தே இல்லாத போலி மாத்திரையை விழுங்கினாலும் இத்தொல்லைகள் கணிசமாகக் குறைவதுண்டு. ஆகவே ஒரு சத்தோ மூலிகையோ பயன் தருகிறதா என்பதைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய முடியும்.

கால்சியம்: சான்று வலுவாக உள்ள சத்துகளில் இது முதன்மையானது. 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 466 பெண்களின் தரவுகள் ஆராயப்பட்டன. நாளொன்றுக்கு 1,200 மி.கி. கால்சியம் எடுத்தவர்களுக்கு மூன்றாவது மாதச் சுழற்சியில் தொல்லைகள் 48 சதவீதம் குறைந்தன. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 30 சதவீதம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. பால், தயிர், எள், கீரை, முள்ளோடு உண்ணும் சிறு மீன்களும் கை கொடுக்கும். மாத்திரையாக எடுப்பவர்கள் தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

வைட்டமின் பி6: 1999-இல் ஒன்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாளுக்கு 100 மி.கி. வரை எடுப்பது பயன் தரக்கூடும் எனத் தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகளின் தரம் குறைவு. அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் நரம்புகள் கெட்டு, கைகால் மரத்துப்போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கான உச்ச அளவை 12 மி.கி. என்று குறைத்தது.

மக்னீசியம்: உப்புசமும் வீக்கமும் குறைவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. அளவு கூடினால் வயிற்றுப்போக்கு ஏற்படும். சிறுநீரகம் பழுதானவர்கள் தாமாக எடுக்கக் கூடாது.

மூலிகைகள்: மத்தியதரைக் கடல் பகுதியில் வளரும் வைடெக்ஸ் அக்னஸ் காஸ்டஸ் என்ற செடியின் கனிச்சாற்றுக்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. 2001-இல் ஜெர்மனியில் 170 பெண்களிடம் நடந்த ஆய்வில், இதை எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 24 சதவீதத்தினருக்கும் தொல்லை பாதியாவது குறைந்தது. நம் ஊர் நொச்சி இதே பேரினத்தைச் சேர்ந்தது என்றாலும் வேறு செடி. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது. ஈரானில் 50 பெண்களிடம் நடந்த ஆய்வில் நாளுக்கு 30 மி.கி. குங்குமப்பூ பலன் தந்தது. ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் போலி மாத்திரையை மிஞ்சவில்லை. செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து.

கர்ப்பிணிகளும் கருத்தரிக்க முயல்பவர்களும் பாலூட்டுபவர்களும் வேறு மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடங்கக் கூடாது. இரண்டு மாதம் அறிகுறிகளை நாள்தோறும் குறித்து வைத்தால், அவை மாதவிடாயோடு தொடர்புடையவையா என்பது தெளிவாகும். ஒன்றைத் தொடங்கினால் மூன்று மாதம் பார்த்து, பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணமோ, அன்றாட வேலை முடங்கும் அளவு துயரமோ வந்தால் சத்து மாத்திரையை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அந்த நிலைக்குப் பயன் தரும் மருந்துகள் உள்ளன.