எழுத்தும் பதிப்பும் கல்லூரிப் பாடமாக: சேரும் முன் மாணவர்கள் அறிய வேண்டியவை

புது தில்லி: எழுத்தாளராக விரும்பும் மாணவர் கல்லூரியில் எதைப் படிப்பது என்ற கேள்விக்கு, இலக்கியம் அல்லது இதழியல் என்பதே நீண்ட காலமாக விடையாக இருந்து வந்தது. இன்று நாட்டின் பல உயர்கல்வி நிறுவனங்களில் படைப்பெழுத்து, பதிப்பியல் ஆகிய இரண்டும் தனிப் படிப்புகளாகக் கற்பிக்கப்படுகின்றன. பெயரளவில் நெருக்கமாகத் தோன்றினாலும் இவற்றின் நோக்கங்கள் வேறு. முன்னது கைப்பிரதியை உருவாக்கப் பயிற்சி அளிக்கிறது. பின்னது அக்கைப்பிரதி நூலாகி வாசகரைச் சென்றடையும் வழிமுறையைக் கற்பிக்கிறது. ஒன்றை மட்டுமே அறிந்த இளம் எழுத்தாளர், தமது முதல் நூலுக்கான ஒப்பந்தம் கைக்கு வரும்போது இழப்பைச் சந்திக்கக்கூடும்.

படைப்பெழுத்து வகுப்பில் நடப்பது என்ன?

இப்படிப்புகளின் அடிப்படை 'பயிலரங்கு' முறையாகும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எழுத்தாளர் பயிலரங்கு இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. மாணவர் ஒருவர் எழுதிய கதையோ கவிதையோ முன்கூட்டியே அனைவருக்கும் வழங்கப்படும். வகுப்பில் மற்றவர்கள் அதை விவாதிக்க, எழுதியவர் பெரும்பாலும் மௌனமாகக் கேட்டுக் குறிப்பெடுப்பார். பின்னர் அவர் அதைத் திருத்தி எழுதுவார். விமர்சனத்தை ஏற்கும் பக்குவமும், ஒரே பிரதியைப் பலமுறை திருத்தும் பழக்கமும் இதன் முக்கியப் பயன்கள்.

ஹரியானா மாநிலம் சோனிபட்டில் உள்ள அசோகா பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்துடன் படைப்பெழுத்தும் கற்பிக்கப்படுகிறது. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் படைப்பெழுத்தில் பட்டயப் படிப்பைத் தொலைநிலைக் கல்வியாக வழங்கி வருகிறது. இத்துறையின் படிப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தைச் சார்ந்தே அமைந்துள்ள நிலையில், கேரள மாநிலம் திரூரில் 2012-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட துஞ்சத்து எழுத்தச்சன் மலையாளப் பல்கலைக்கழகம் தாய்மொழியிலேயே படைப்பெழுத்தில் முதுநிலைப் பட்டம் வழங்குவது குறிப்பிடத்தக்கது.

பதிப்பியலில் கற்பிக்கப்படுபவை

கைப்பிரதியைத் தேர்ந்தெடுத்தல், அதன் கட்டமைப்பைச் சீராக்குதல், மொழியைச் செப்பனிடுதல், மெய்ப்புத் திருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை வடிவமைப்பு, விலை நிர்ணயம், அச்சு, விநியோகம், உரிமைத்தொகைக் கணக்கு என இப்பாடத்தின் எல்லை விரிவானது.

ஓர் எடுத்துக்காட்டின் மூலம் இதை விளக்கலாம். நூல்கள் தனித்தனிப் பக்கங்களாக அச்சிடப்படுவதில்லை. பெரிய தாள்களில் அச்சிட்டு, மடித்து, பெரும்பாலும் 16 பக்கங்கள் கொண்ட தொகுதிகளாகச் சேர்க்கப்படுகின்றன. அச்சுத் துறையினர் ஒரு தொகுதியை 'ஃபாரம்' என்று அழைப்பர். 160 பக்கங்களில் முடிய வேண்டிய நூல் 162 பக்கங்களுக்கு நீண்டால், இரண்டு பக்கங்களுக்காக மேலும் ஒரு தொகுதியோ அதன் ஒரு பகுதியோ தேவைப்படும். எனவே, வரி இடைவெளியைக் குறைப்பதா, பத்தி ஒன்றைச் சுருக்குவதா, விலையை உயர்த்துவதா என்று பதிப்பாசிரியர் முடிவு செய்ய வேண்டும். இத்தகைய முடிவுகளுக்கான பயிற்சியே பதிப்பியலின் சாரம்.

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் பதிப்பாசிரியம் மற்றும் பதிப்புத் துறையில் முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்தி வருகிறது. அதே நகரில் 1982-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சீகல் புக்ஸ் பதிப்பகம், 2012 முதல் பதிப்புப் பள்ளி ஒன்றையும் நடத்துகிறது. 1957-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், நூல் பதிப்பில் குறுகிய காலப் பயிற்சிகளை அளித்து வருகிறது.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

எழுதுபவருக்கும் பதிப்பியல் அறிவு ஏன் தேவை என்பதற்கான விடை, 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் உள்ளது. இந்தியாவில் நூலின் பதிப்புரிமை, எழுதிய கணமே எழுத்தாளருக்கு உரியதாகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. அவரது வாழ்நாள் முழுவதும், மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் அவ்வுரிமை நீடிக்கும்.

அவ்வுரிமையைப் பதிப்பகத்துக்கு மாற்றித் தருவதற்கு எழுத்துப்பூர்வமான, கையொப்பமிட்ட ஆவணம் அவசியம் என்று சட்டத்தின் 19-ஆவது பிரிவு கூறுகிறது. காலவரம்பு குறிப்பிடப்படாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் அது இந்தியாவுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கூறப்படாதவரை, அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். ஆனால் 'பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்' என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இடம்பெற்று, எழுத்தாளர் கையெழுத்திட்டுவிட்டால், காலம், நிலப்பரப்பு குறித்த இப்பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது.

உரிமைத்தொகைக் கணக்கும் இத்தகையதே. 300 ரூபாய் விலையுள்ள நூலுக்கு, அச்சிட்ட விலையில் 10 சதவீதம் உரிமைத்தொகை எனில், பிரதி ஒன்றுக்கு 30 ரூபாய் கிடைக்கும். அதே 10 சதவீதம் 'நிகர வருவாயில்' என்று எழுதப்பட்டிருந்து, விற்பனையாளருக்கு 40 சதவீதக் கழிவு அளிக்கப்பட்டால், பதிப்பகத்துக்கு வருவது 180 ரூபாய். எழுத்தாளருக்குக் கிடைப்பது 18 ரூபாய். ஆயிரம் பிரதிகள் விற்றால் முன்னதில் 30,000 ரூபாய், பின்னதில் 18,000 ரூபாய். ஒரு சொற்றொடரால் ஏற்படும் வேறுபாடு 12,000 ரூபாய்.

அச்சுச் செலவை எழுத்தாளரே ஏற்கும் முறையும் பரவலாக உள்ளது. அது சட்டவிரோதமானதன்று. எனினும், செலவையும் ஏற்று உரிமையையும் முழுமையாக விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எழுத்தாளருக்கு இரட்டை இழப்பு என்பதை உணர வேண்டும்.

வகுப்புப் படைப்பு யாருக்குச் சொந்தம்?

வகுப்புக்காக எழுதிய கதையின் முதல் உரிமையாளர், பொதுவாக அதை எழுதிய மாணவரே. ஆனால் பதிப்பகத்திலோ இதழிலோ ஊழியராகப் பணியாற்றும்போது பணியின் பகுதியாக எழுதுபவை, மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், பெரும்பாலும் நிறுவனத்துக்கே உரியவை. ஆகவே, பணி நியமனக் கடிதத்தையும் கவனத்துடன் படிப்பது அவசியம்.

நூலைத் தாமே வெளியிட விரும்புவோர் வேறு சில நடைமுறைகளையும் அறிய வேண்டும். 13 இலக்க சர்வதேசத் தர நூல் எண்ணை, மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. மேலும், 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா பொது நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்கு வெளியீட்டாளர் தமது செலவில் பிரதிகளை அனுப்ப வேண்டும்.

கல்லூரிக்கு வெளியே உள்ள வாய்ப்பு

இளம் எழுத்தாளர்களுக்காக மத்திய அரசு 2021-ஆம் ஆண்டு பிஎம்-யுவா திட்டத்தை அறிவித்தது. 30 வயதுக்கு உட்பட்ட 75 பேரைத் தேர்ந்தெடுத்து, மாதம் 50,000 ரூபாய் வீதம் 6 மாதங்களுக்கு உதவித்தொகை வழங்க அதில் வகை செய்யப்பட்டது. நேஷனல் புக் டிரஸ்ட் இதைச் செயல்படுத்தியது. பின்னர் அடுத்தடுத்த பதிப்புகளும் அறிவிக்கப்பட்டன.

சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

படைப்பெழுத்துப் படிப்பில் சேர விரும்புவோர், பாடத்திட்டத்தில் பதிப்புரிமை, ஒப்பந்தம், உரிமைத்தொகை பற்றிய தாள் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பதிப்பியலைத் தேர்வு செய்வோர், அச்சகத்திலும் பதிப்பகத்திலும் நேரடிப் பயிற்சி உண்டா, எந்த மொழிகளில் செப்பனிடும் பயிற்சி தரப்படுகிறது என்று விசாரிப்பது நல்லது. ஒரு பிரதியை எத்தனை முறை திருத்தி எழுத வாய்ப்பு கிடைக்கும், கற்பிப்போர் எழுத்திலோ பதிப்பிலோ அனுபவம் உள்ளவர்களா என்பவை இரு பிரிவினரும் கேட்க வேண்டியவை. படிப்புகளும் கட்டணமும் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், அந்தந்த நிறுவனத்தின் நடப்பாண்டு சேர்க்கை அறிவிக்கையைப் பார்த்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.